அடிவயிற்று சிடி ஸ்கேனில் நல்ல உறுப்புகளுக்கு எல்லை வரைவது எப்படி?

டர்பன் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் ஒன்று. அதனால் அடிவயிற்றிலேயே ஆரம்பிப்போம். கட்டியை டாக்டர் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்புகள் எவ்வளவு கதிர் வாங்கும் என்று கணக்கிட, அவற்றின் எல்லையை வரைய நாம் பழகுவோம்.

1. 3டி ஸ்லைசர், ஸ்கேன் படத்தில் உறுப்புகளை வரைய உதவும் இலவச மென்பொருள். 'தி கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ்' தளத்தில் பெயர் நீக்கிய ஸ்கேன்கள் கிடைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து பென்டிரைவில் படம் எடுத்து வர வேண்டாம், தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இருக்கிறது.

2. படத்தின் வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் சரிசெய்யும் விண்டோவை லெவல் 40, விட்த் 400 என்று வையுங்கள். திரையின் வலப்பக்கம் தெரிவது நோயாளியின் இடப்பக்கம். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

3. சிறுநீர்ப்பைதான் சுலபம். வெளிச்சுவரோடு சேர்த்து, உள்ளிருக்கும் சிறுநீரையும் உள்ளடக்கி வரையுங்கள். மூன்று ஸ்லைஸுக்கு (குறுக்குவெட்டுப் படத்துக்கு) ஒன்று வரைந்தால் போதும், இடையில் உள்ளதை 'ஃபில் பிட்வீன் ஸ்லைசஸ்' நிரப்பிவிடும். அப்புறம் ஒவ்வொரு ஸ்லைஸாகச் சரிபாருங்கள். பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு கதிரிலிருந்து கொஞ்சம் தப்பும். டொங்காட்டிலிருந்து டாக்ஸி பிடித்து வரும் அம்மாவை வீட்டிலேயே தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொல்வது நியாயமில்லை. இங்கே வந்தபின் குடிக்க வைத்து, காத்திருக்கச் சொல்லுங்கள்.

4. மலக்குடலில்தான் ஆளுக்கு ஆள் கோடு மாறுகிறது, அதுவும் நடுவில் இல்லை, இரண்டு நுனிகளில். கீழே, உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் இடுப்பெலும்பு முனைகளின் அடிமட்டத்தில் தொடங்குங்கள். மேலே போகப் போக வட்டமாகவே இருக்கும். வட்டம் நீண்டு முன்பக்கம் சாய்ந்து, மலக்குடலுக்கு மேலே உள்ள சிக்மாய்டு குடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு மாறுங்கள், வளைவு அங்கே பளிச்சென்று தெரியும். உள்ளே காற்று கறுப்பாக இருந்தாலும் அதை வெட்டி எடுக்கக்கூடாது. எல்லையைக் கூட்டினால் மலக்குடலின் கொள்ளளவு கூடி, டோஸ் (வாங்கும் கதிரின் அளவு) சதவீதம் நல்லதுபோல் குறைந்து காட்டும். கோடு தப்பானால் கணக்கும் தப்புதான்.

5. குடல் தினமும் நகரும். எனவே வளையம் வளையமாகத் துரத்தாமல், அது உலவும் இடம் முழுவதையும் ஒரே பையாக வரையுங்கள். நல்ல உறுப்புகள் எவ்வளவு கதிர் தாங்கும் என்று சொல்லும், 2010-இல் வந்த குவான்டெக் பரிந்துரைப்படி 45 கிரே (கதிர் அளவின் அலகு) அல்லது அதற்கு மேல் வாங்கும் பகுதி 195 சிசிக்குக் கீழே இருக்க வேண்டும்.

6. தொடை எலும்பின் பந்தை வெளிச்ச அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 'த்ரெஷோல்ட்' கருவியால் பிடிக்கலாம். ஆனால் இடுப்பெலும்புக் குழியும் ஒட்டிக்கொண்டு வரும், அழிப்பானால் பிரித்துவிடுங்கள்.

7. கடைசியாக, தனியாகச் சிதறிக்கிடக்கும் புள்ளிகளைத் தேடி அழியுங்கள். கட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் அந்த உறுப்பின் உச்ச டோஸ் எகிறிவிடும். உறுப்புகளின் பெயர்களை, பெயரிடுவதற்கான 2018-இன் டிஜி-263 முறைப்படி வையுங்கள். ஸ்லைசர்ஆர்டி நீட்சியைச் சேர்த்தால் கோடுகளை ஆர்டி-ஸ்ட்ரக்ட் என்ற கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ஆனால் ஸ்லைசர் பயிற்சிக்கு மட்டும்தான். நோயாளிக்கான கோடுகளை உங்கள் துறையின் பிளானிங் கணினியில் வரைந்து, டாக்டரின் ஒப்புதல் வாங்குங்கள்.