டிடிஜி ரிப்போர்ட்டில் ‘ஹெச்’ விழுந்தால்: கோதுமையை நிறுத்துவதற்கு முன்

சித்தூரில் இருக்கும் என் அக்காள் மகள் ஒரு நாள் காலையில் தன் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினாள். மூன்று ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாததால், கோதுமையால் குடல் சிதைந்து இரும்புச்சத்தும் உடலில் சேராமல் போகும் சீலியாக் நோய்க்கான டிடிஜி ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். படத்தின் கீழே, “மாமா, 20க்குள்ள இருக்கணுமாம், எனக்கு 38. பக்கத்துல ஹெச்னு தடிமனா போட்டிருக்கு. நேத்து ராத்திரியே சப்பாத்தியை நிறுத்திட்டேன்” என்று எழுதியிருந்தாள். ஹெச் என்றால் ‘ஹை’, அதாவது வரம்பைவிட அதிகம். காட்பாடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அந்த 38 கவலை தரவில்லை. சப்பாத்தியை நிறுத்தியதுதான் கவலை தந்தது.

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, அதற்கான மரபணு அமைந்த சிலருடைய உடல் தன் சொந்தக் குடலையே எதிரியாக எண்ணித் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் டிடிஜி பரிசோதனை அளக்கிறது. குளூட்டனை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மெல்லக் குறையும், குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளும் ஆறத் தொடங்கும். நோயாளிக்கு அது நல்லதே. ஆனால், நோயை உறுதிசெய்ய வேண்டிய மருத்துவர் இரண்டு மாதம் கழித்து எண்டோஸ்கோப்பி செய்து குடல் திசுவை எடுத்துப் பார்க்கும்போது (இதுதான் பயாப்ஸி), நோய் இல்லாததால் குடல் நன்றாக இருக்கிறதா, கோதுமையை விட்டதால் ஆறிவிட்டதா என்று அவரால் சொல்ல முடியாமல் போகும். அதன்பின் மறுபடியும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. பரிசோதனைக்கு முன் தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். விட்டுவிட்டுத் திரும்பச் சாப்பிடும்போது வயிற்று வலியும் உப்புசமும் சிலருக்கு முன்பைவிட அதிகமாகவே தெரியும். அன்றைக்கே போன் செய்து, எண்டோஸ்கோப்பி முடியும்வரை சப்பாத்தியை விடாதே என்று அவளிடம் சொன்னேன்.

அடுத்த தவறு அந்த எண்ணைச் சர்க்கரை அளவைப் போலப் படிப்பது. டிடிஜி அளவுக்கு எல்லாக் கூடங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு பரிசோதனைக் கிட்டில் உச்சவரம்பு 20 என்றால் இன்னொன்றில் 10, மற்றொன்றில் 4. ஆகவே குடியாத்தத்தில் எடுத்த எண்ணையும் சித்தூரில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோய் ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று பேசுவதில் பொருளில்லை. அந்தந்தக் கூடத்தின் வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பதே முறை. குழந்தைகளுக்கு டிடிஜி பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக இரண்டாம் முறை எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியல் என்ற இன்னொரு சீலியாக் எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் என்று வந்தால், பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. பெரியவர்களுக்கு இன்னமும் பெரும்பாலும் பயாப்ஸிதான். 38 என்பது இரண்டு மடங்குகூட இல்லை. அத்தகைய சிறு ஏற்றம் கல்லீரல் கோளாறிலும், தைராய்டு போன்ற பிற தன்னெதிர்ப்பு நோய்களிலும், சில வேளை ஒரு தொற்றுக்குப் பிறகும் வருவதுண்டு.

நாம் வாழும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வு வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் மக்களைச் சோதித்தது. இந்த எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடம் இருக்க, தெற்கே 0.10 சதவீதம் பேரிடமே இருந்தது. மரபணுவோ வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம், ஏறக்குறைய சமம். வேறுபாடு தட்டில் இருந்தது: ஒரு நாள் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், இங்கே 25 கிராம். நோய் அரிதாக இருக்கும் ஊரில் தவறான பாசிட்டிவின் பங்கு கூடிவிடும் என்பது எளிய கணக்கு. சோறும் களியும் (ஆந்திரப் பக்கத்தில் சங்கட்டி) தின்று வளர்ந்த ஊரில் இலேசான ஏற்றத்தை அவசரப்பட்டு நோய் என்று எழுதிவிடக் கூடாது. அதே 25 கிராம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். வாரம் ஒரு முறை பூரி சாப்பிடுபவருக்கு நோய் இருந்தும் எதிர்ப்பொருள் வரம்புக்குள்ளேயே நிற்கலாம்.

மரபணுச் சோதனை பாசிட்டிவ் என்று வந்ததும் நோயே வந்துவிட்டதாக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒருவருக்கு மேல் சுமக்கும் மரபணு அது. இல்லை என்று வந்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு, ஏனெனில் அப்போது சீலியாக் ஏறக்குறைய இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் கவனிக்க வேண்டிய வரி வேறு ஒன்று: மொத்த ஐஜிஏ. டிடிஜி ஐஜிஏ பரிசோதனை தேடுவது ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளை. சீலியாக் நோயாளிகளில் இரண்டு மூன்று சதவீதம் பேருக்கு ஐஜிஏ இயல்பிலேயே சுரப்பதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போதும் நார்மலாகவே வரும். மொத்த ஐஜிஏ குறைவாக இருந்தால் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும். தொண்ணூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருவதாக விற்கப்படும் ஐஜிஜி பேக்கேஜ் இதுவல்ல. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பயாப்ஸியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே ஒரு துணுக்கு எடுத்தால் நோய் இல்லாத திட்டு சிக்கிவிடலாம் என்பதால், சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் குறைந்தது நான்கும், அதன் முகப்பில் ஒன்றிரண்டும் எடுப்பார்கள். குடலுறிஞ்சிகள் தட்டையாக இருப்பது சீலியாக்கில் மட்டும் நேர்வதல்ல. நம் பக்கத்தில் டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல் நோயும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் அதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இரத்தம், திசு இரண்டையும் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

அக்காள் மகளுக்கு எண்டோமைசியல் பாசிட்டிவ், பயாப்ஸியும் ஒத்துப்போனது, நோய் உறுதியானது. அதன்பின் அக்காளுக்கும் பரிசோதனை எடுத்தோம், ஏனெனில் நெருங்கிய இரத்த உறவினருக்கு வாய்ப்பு அதிகம். சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் வீட்டிலிருந்து போயின. ரசத்தில் போடும் பெருங்காயம் மட்டும் இரண்டு மாதம் யாருக்கும் உறைக்கவில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அச்சாகியே இருந்தது.

ஆறு மாதம் கழித்து, அதே கூடத்தில், மறு பரிசோதனையில் 26 வந்தது. எதிர்ப்பொருள் வரம்புக்குள் இறங்க ஓராண்டும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால் மருத்துவர் எண்ணைவிட அது இறங்கியதையே பார்த்தார். அந்தத் தாளிலும் ஹெச் இருந்தது. இம்முறை அவள் படமெடுத்து அனுப்பவில்லை. அக்காள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.