செப்டிக் டேங்க் கொசு: வழியை விட்டுவிட்டு மருந்தை ஊற்றுகிறோம்

வேலூரில் மாலை ஆறு மணி ஆனால் ஜன்னலைச் சாத்துகிற வேலை எல்லா வீட்டிலும் நடக்கும். சாத்திக்கொண்டே எல்லோரும் திட்டுவது தெருக் கால்வாயை. கால்வாய் தேங்கி நின்றால் அதில் கொசுப்புழு வளரும், உண்மைதான். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்பு வராத தெருக்களில் வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க் இருக்கிறது. கால்வாய்த் தண்ணீராவது ஒரு நல்ல மழைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். டேங்கில் இருப்பது ஓடாது, அதில் வெயில் படாது, பாலாற்று மணல் கொதிக்கிற சித்திரையிலும் வற்றாது. வருஷம் பூராவும் கொசு வளர இதைவிட வசதியான இடம் கிடையாது.

இங்கே வளர்வது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. இருட்டிய பிறகு கடிப்பது, அழுக்குத் தண்ணீரைத் தேடிப் போவது. ஒரு பெண் கொசு 100 முதல் 300 முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீர்மேல் மிதக்கவிடும். நம் ஊர்ச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யானைக்கால் புதிதல்ல. அந்த நோய்க்காக வீடு வீடாக மாத்திரை கொடுத்த மாவட்டங்களில் வேலூரும் ஒன்று.

எல்லாக் கொசுவும் ஒன்றல்ல என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். அதைப் பரப்பும் கொசு நெல் வயலில் வளர்வது, டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், டேங்கில் வராது என்று நம்புகிறோம். பெரும்பாலும் சரிதான், ஆனால் அதையே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. போர்ட்டோ ரிக்கோ தீவில், விரிசல் விட்ட, சரியாக மூடாத செப்டிக் டேங்குகளிலிருந்து டெங்குக் கொசு ஏராளமாக வெளியே வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மழை இல்லாத மாதங்களிலும் வந்தது.

டேங்குக்குள் இருக்கும் தண்ணீரை நம்மால் சுத்தமாக்க முடியாது. கொசு உள்ளே போகிற, வெளியே வருகிற வழிகளை அடைக்க முடியும். அந்த வழிகள் ஒரு வீட்டில் நாலைந்துக்கு மேல் இருக்காது. நாம் செய்கிற தவறுகளில் பாதி, வழியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான்.

முதலில் நம் வீட்டு டேங்கில் கொசு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இதற்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. மாலை வெளிச்சம் மங்குவதற்குள், டேங்கின் வாயு வெளியே போக வைத்திருக்கும் வென்ட் பைப்பின் வாயில் மெல்லிய வெள்ளைத் துணியைப் பை மாதிரி தளர்வாக மாட்டி, கழுத்தில் கயிறு கட்டிவிடுங்கள். துணியில் காற்றுப் போக வேண்டும். பாலிதீன் கவர் வேண்டாம். விடியற்காலையில் கழுத்தைப் பிடித்துச் சுருக்கி எடுத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் கொசுக்களில் சிலவற்றுக்கு முகத்தில் மீசை புசுபுசுவென்று இறகு போல இருக்கும். அவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது, பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பையில் கிடந்தால் அவை உங்கள் டேங்கில் பிறந்தவை என்று நம்பலாம். பைப் மாடி உயரத்தில் இருந்தால் இருட்டில் ஏணி வைக்காதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிடுங்கள்.

கையில் கிடைத்ததை ஊற்றுவது

நான் பார்த்தவரை அதிகம் நடக்கிற தவறு இது. பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட், மண்ணெண்ணெய், மெக்கானிக் கடையில் வாங்கி வந்த வேஸ்ட் ஆயில், எது கையில் கிடைக்கிறதோ அது.

டேங்குக்குள் நம் கழிவைச் செரித்துக் கொடுப்பது பாக்டீரியாக்கள். வாரம் ஒருமுறை கக்கூஸ் கழுவுகிற அளவு பினாயிலால் அவற்றுக்குப் பெரிய கேடு இல்லை. கொசுவைக் கொல்ல வேண்டும் என்று கேன் கணக்கில் ஊற்றினால் அவை சாகும். அப்புறம் கசடு மட்காமல் சேரும், டேங்க் சீக்கிரம் நிரம்பும், மூடி ஓரமாகக் கசியும். கசிந்து நிற்கும் தண்ணீரில் இன்னும் கொசு. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமுக்குள் அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்கே ஆபத்து.

மண்ணெண்ணெயும் வேஸ்ட் ஆயிலும் தண்ணீர்மேல் படலமாகப் பரவிப் புழுவை மூச்சுத் திணறடிக்கும் என்பது பழைய யோசனை. தெளிந்த குட்டையில் அது நடக்கும். டேங்கில் மேலே கெட்டியான ஏடு மிதக்கிறது. எண்ணெய் அதில் ஊறிக்கொள்ளும், படலம் முழுசாகப் பரவாது. உள்ளே மீத்தேன் வாயு வேறு இருக்கிறது, அதோடு மண்ணெண்ணெய் ஆவியும் சேர்ந்தால் ஒரு பீடி நெருப்பு போதும். எண்ணெய் கடைசியில் போய்ச் சேர்வது மண்ணுக்குள். நம்மில் பலர் அதே மனையில்தான் போர் போட்டிருக்கிறோம்.

சரி, மருந்தே கிடையாதா என்றால், இருக்கிறது. அழுக்குத் தண்ணீரிலும் வேலை செய்யும் பேசில்லஸ் ஸ்பெரிக்கஸ் என்ற பாக்டீரியா மருந்து க்யூலெக்ஸ் புழுவைக் கொல்லும். அளவும் இடைவெளியும் தெரிந்து போட வேண்டியது அது. மாநகராட்சி அல்லது ஊராட்சி சுகாதாரப் பிரிவில் கேட்டுச் செய்யுங்கள். ட்ரம், சம்ப் பார்க்க டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வருகிறார்கள் இல்லையா, அவர்களிடம் டேங்கையும் காட்டுங்கள். நாமாகக் காட்டாவிட்டால் தண்ணீர்த் தொட்டியோடு பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்னச் சின்னத் தெர்மாகோல் மணிகளைத் தண்ணீர்மேல் பரப்புகிற முறையும் உண்டு. சான்சிபார் தீவிலும், நம் தமிழ்நாட்டில் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் யானைக்கால் ஒழிப்பு மாத்திரையோடு சேர்த்து இதைச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது தண்ணீர் வழிந்து வெளியே ஓடாத குழிகளுக்கு. வழிந்தோடும் பைப் வைத்த செப்டிக் டேங்கில் போட்டால் மணிகள் பைப்பை அடைக்கும், இல்லையென்றால் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். வீட்டு டேங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

வென்ட் பைப்பில் தொப்பி இருந்தால் போதும் என்பது

நாலு அங்குல பி.வி.சி. பைப், மேலே ஒரு பிளாஸ்டிக் தொப்பி. கடையில் அதை வென்ட் கவுல் என்று கொடுப்பார்கள். அந்தத் தொப்பியின் பக்கவாட்டு ஓட்டைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள், பென்சில் முனை தாராளமாக நுழையும். அது மழைக்கும் பறவைக்கும் தடுப்பு, அவ்வளவுதான். கொசு அதன் வழியே ஜாலியாகப் போய்வரும். வென்ட் பைப்பின் உச்சியில் கொசு நுழையாத வலை வேண்டும் என்று செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. கட்டுகிறவர்கள் தொப்பியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வலையின் கண் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண ஜி.ஐ. வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை வேண்டாம். டேங்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதை அரித்துவிடும்; தொட்டால் உதிர்கிற வலையைப் பல மாடிகளில் பார்க்கலாம். நைலான் வலை மலிவு, கட்டவும் சுலபம், ஆனால் நம் வெயிலில் நைந்துபோகும். வருஷா வருஷம் மாற்றத் தயார் என்றால் அதையே கட்டலாம். ஒரேயடியாக முடிக்க வேண்டும் என்றால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை வாங்குங்கள். கட்டுக்கம்பியால் முறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பைப் அளவுக்கு ஹோஸ் கிளிப் வாங்கி, வலையைப் பைப்பின்மேல் நாலு விரல் கீழே இறங்கும்படி மடித்து, கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். தொப்பி வேண்டுமானால் அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோடியில், கொசு வருகிறது என்று வென்ட் பைப்பையே சிமெண்ட் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வாயு எங்கேயாவது வழி தேடும். பாத்ரூம் வழியாக வீட்டுக்குள் வரும், டேங்குக்குள்ளேயும் அடைந்து நிற்கும். வலையில் ஒட்டடை படிந்து அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான், அதனால் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

லாரி போன பிறகு மூடியை மறப்பது

டேங்க் எடுக்கும் லாரி வரும். கடப்பாரையால் பலகையை நெம்பித் திறப்பார்கள், குழாயை விட்டு உறிஞ்சுவார்கள். வேலை முடிந்ததும், "அண்ணா, மூடி வெச்சிட்டேன், கொத்தனார வெச்சுப் பூசிக்குங்க" என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கொத்தனார் வரவே மாட்டார். ஒரு மூட்டை சிமெண்டுக்கும் குறைவான வேலைக்கு யார் வருவார்கள்? பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து அப்படியே கிடக்கும். டேங்க்தான் எடுத்தாகிவிட்டதே, இனிக் கொசு வராது என்று நாமும் இருந்துவிடுவோம். நாலு பேர் குளித்துப் புழங்கும் வீட்டில் டேங்கில் மறுபடி தண்ணீர் ஏற எத்தனை நாள் ஆகும்? சந்து திறந்திருந்தால் கொசு அடுத்த வாரமே முட்டையிட்டிருக்கும்.

லாரி வரும் நாளன்றே ஒரு சட்டி மணலும் கொஞ்சம் சிமெண்டும் எடுத்து வையுங்கள். மணல் தூக்கலாக, சிமெண்ட் குறைவாகக் குழைத்துச் சந்தில் அப்பினால் போதும். கெட்டியாகப் போட்டால் அடுத்த முறை திறக்கும்போது பலகை உடையும். இரண்டு கடப்பா கல் சேரும் இடுக்கையும், பலகையில் கம்பி வளையம் மாட்டியிருக்கும் ஓட்டையையும் பார்த்து அடைக்க வேண்டும். கொசுவுக்கு அந்த ஓட்டையே வாசல். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நோயாளிகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகளில் டேங்க் அடிக்கடி நிரம்பும், மூடியும் அடிக்கடி திறக்கும். அங்கே வாடகைக்கு விடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

டேங்கோடு நிறுத்திக்கொள்வது

டேங்குக்கு வலையும் பூச்சும் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் உறைக்குழியை விட்டுவிடுவோம். டேங்கில் தெளிந்து வழியும் தண்ணீர் அங்கேதான் போகிறது. உறைகள் சேரும் இடத்திலும், மேல் உறைக்கும் மூடிக்கும் நடுவேயும் இடைவெளி இருக்கும். நடுவில் பைப்புகள் சேரும் சின்னத் தொட்டிகளான சேம்பர்களின் மூடி பாதி வீட்டில் ஓரம் உடைந்திருக்கும். வழியும் பைப்பைத் தெருக் கால்வாயில் நேரே விட்டிருந்தால் அந்த வாயும் ஒரு வழிதான். வலை கட்டினால் கசடு வந்து அடைக்கும். கால்வாயில் விடுவதை நிறுத்தி, மூடிய உறிஞ்சுகுழிக்குத் திருப்புவதுதான் தீர்வு.

பழைய டேங்கை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால், பழையதை லாரி வைத்துக் காலி செய்து மண்ணோ மணலோ கொட்டி நிரப்பிவிடுங்கள். வீடு கட்டும்போது கசிவு பார்க்கத் தண்ணீர் நிரப்பித் திறந்தே போட்டிருக்கும் புது டேங்க், டெங்குக் கொசுவுக்கு வைத்த தொட்டி. கொத்தனாரிடம் சொல்லி அன்றே மூட வைக்க வேண்டும்.

பாத்ரூமில் கொசு நிறைய இருந்தும் வெளியே ஒன்றையும் காணோம் என்றால் தரையில் தண்ணீர் இறங்கும் வாயான நஹானி ட்ராப்பைப் பாருங்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று பைப்பை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் புழங்காத மாடி பாத்ரூமில், கோடை நாளில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். பிறகு சேம்பரிலிருந்து கொசு நேராகப் படுக்கையறை வரைக்கும் வரும். வாரம் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊருக்குப் போகும்போது அதன் சல்லடை மூடிமேல் ஈரத் துணியும் ஒரு செங்கல்லும் வைத்துவிட்டுப் போகலாம்.

மீன் விடுவது பற்றியும் கேட்கிறார்கள். டேங்க் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, மீன் செத்துப்போகும். மீனைக் கிணற்றில் விடுங்கள்.

உள்ளே எட்டிப் பார்ப்பது

கொசு இருக்கிறதா என்று மூடியைத் தூக்கித் தலையைக் குனிந்து பார்ப்பது, தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, புகை மெஷினை டேங்குக்குள் நீட்டுவது, இவை மூன்றும் உயிருக்கு உலை. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும்; வாடை இல்லையே என்று நினைக்கிற நேரத்தில் மயங்கி விழுந்துவிடுவோம். சூடான வாய் உள்ள புகை மெஷின் மீத்தேனைப் பற்றவைக்கலாம். அந்தப் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழு பத்து நாளில் மறுபடி கொசுவாகி வரும்.

எவ்வளவு பணம் கொடுப்பதாக இருந்தாலும் ஒரு ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன ஆள் வரமாட்டார். டேங்க் எடுக்க லாரி வேண்டும் என்றால் 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். லாரி வந்து திறக்கும்போது பலகை விரிசல் விட்டிருப்பது தெரிந்தால் அதன்மேலேயே பூசி மறைக்காமல் புதுப் பலகை வார்த்துப் போடுங்கள். அதுவரை குழந்தைகள் அந்தப் பக்கம் போகாதபடி செங்கல் அடுக்கி வையுங்கள்.