நீதிபதியே கேள்வி கேட்டால் செய்யக்கூடாதவை

இரண்டு பக்க வக்கீல்களும் கேட்டு முடித்து, சாட்சி கூண்டை விட்டு இறங்கப் போகும் நேரத்தில் நீதிபதி நிமிர்ந்து, "அன்னிக்கு தெருவிளக்கு எரிஞ்சுதா?" என்பார். உடனே ஜூனியர் எழுந்து, "ஐயா, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்று ஆட்சேபிப்பார். அதை யார் கேட்டாலும் ஆட்சேபிக்கலாம், நீதிபதி கேட்டால் முடியாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 168-வது பிரிவு (2024 ஜூலை 1 வரை பழைய சாட்சியச் சட்டத்தின் 165) அந்த உரிமையைத் தரப்புகளுக்குத் தரவில்லை. சாட்சியையோ கட்சிக்காரரையோ அவர் எப்போதும், எந்த வடிவத்திலும் கேட்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரவும் சொல்லலாம்.

நஷ்டம் வருவது பெரும்பாலும் அடுத்த இடத்தில். அந்தப் பதில் உங்கள் வழக்கைக் கெடுக்கிறதா? குறுக்கு விசாரணைக்கு அங்கேயே அனுமதி கேளுங்கள், ஏனென்றால் அனுமதி இல்லாமல் அந்தப் பதிலின் மேல் கேட்க முடியாது, சாட்சி வீட்டுக்குப் போனபின் மனு போட்டு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். வாக்குமூலத்தில் 'கோர்ட் கேள்வி' என்று தனியாகப் பதிவாகிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அப்பீலில் அது யார் வாயிலிருந்து வந்தது என்றே தெரியாது.

கட்சிக்காரர்கள் வேறு விதம். நீதிபதி இரண்டு கேள்வி கேட்டதுமே "எதிராளி பக்கம் சாய்ஞ்சுட்டார்" என்பார்கள். கேட்பதும் அவர் வேலைதான். 2023-ல் முன்னா பாண்டே வழக்கில், சாட்சிகள் போலீசிடம் சொன்னதற்கும் கோர்ட்டில் சொன்னதற்கும் இருந்த முரண்பாட்டை குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலும் எழுப்பவில்லை, விசாரணை நீதிபதியும் கேட்கவில்லை. மரண தண்டனை வரை போன அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் மறுபடி பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.

சரி, அதற்காக எல்லையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1981-ல் ராம் சந்தர் வழக்கில், பொய்ச்சாட்சி வழக்கு பாயும் என்று சாட்சிகளை மிரட்டிய செஷன்ஸ் நீதிபதியின் போக்கை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கணவன் மனைவிக்குள் பேசியது, வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னது போன்றவற்றுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நீதிபதியின் கேள்விக்கும் பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்க முடியாது, அரசியலமைப்பின் 20(3) குறுக்கே நிற்கும்.

அப்புறம் ஆவணம். கோர்ட்டே கேட்டு வாங்கியதாயிற்றே என்று ஜெராக்ஸை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கோர்ட் கேட்டு வாங்கினாலும் அது நிரூபணம் ஆகிவிடாது. விதிவிலக்கு இல்லாத இடத்தில் மூலப் பத்திரம் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை இந்தப் பிரிவு நீதிபதிக்கே தரவில்லை.