பழைய காரில் ஏசி காற்று வரவில்லையா? கேஸ் அடிக்க ஓடாதீர்கள்

"ஏசி போட்டா காத்தே வரல, கேஸ் தீர்ந்திருக்கும்." பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டுப் போய்க் கேஸ் அடித்து வருவார்கள். காற்று பழையபடியே இருக்கும். கேஸ் தருவது குளிரை. காற்றைத் தள்ளுவது ப்ளோயர். வென்ட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது, ஆனால் முகம் வரை எட்டவில்லை என்றால் கேஸில் பெரிதாகக் குறை இருக்காது. அதற்கு மேலும் அடித்தால் பிரஷர் ஏறி இருக்கிற குளிரும் குறையும், கம்ப்ரசரும் திணறும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கிளம்பும்போது காற்று நன்றாக வருகிறது, அரைமணி நேரம் ஓடியதும் அடங்கிப்போகிறது, கம்ப்ரசரை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் மறுபடி வருகிறது. அப்படியென்றால் கூலிங் காயிலில் பனி உறைந்து காற்றின் வழியை அடைக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில், காயிலின் தகடுகளுக்கு இடையே செருகிய ஒரு மெல்லிய செம்புக் குழாய் குளிரை உணர்ந்து, உறையும் முன்பே கம்ப்ரசரை நிறுத்த வைக்கும். யாராவது காயிலைக் கழற்றி மாட்டியபோது அதைத் திரும்பச் செருகாமல் விட்டிருந்தால் பனி கட்டத்தான் செய்யும். கேஸ் குறைந்தாலும் பனி கட்டலாம். ஆனால் அளந்து பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

அடுத்த தவறு, நேராகப் பெரிய ப்ளோயர் மோட்டாரை வாங்கி மாட்டுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் போய் ஆபத்தும் வருவது இங்கேதான்.

எழுபதுகளில் வந்த ஒரு கார். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று சோம்பலாக வந்தது. எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரால் பேட்டரியில் அளந்தேன்: 14 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைகளிலும் வைத்தேன்: 10.8. வழியிலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. சாவி சுவிட்ச், ஃபேன் சுவிட்ச், பச்சை பூத்த கனெக்டர்கள், பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கியிருந்தன. எர்த்தைச் சுரண்டி முடுக்கி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, அதிகக் கரண்ட்டைத் தாங்கும் மின்சுவிட்சான ரிலே ஒன்றைப் போட்டதும் அதே பழைய மோட்டார் சீறியது. ப்ளோயரின் வேகம் பாதியானால் அது காற்றைத் தள்ளும் அழுத்தம் கால்வாசிக்கு வந்துவிடும். அதனால்தான் சில வோல்ட் இழப்புகூட வென்ட்டில் அவ்வளவு தெரிகிறது.

பெரிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். பழைய வயரும் சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று பெரிய ஃப்யூஸ் போட்டால், ஃப்யூஸுக்குப் பதில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் எரியும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

மோட்டார் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வயரும் இடம் மாறினால் பல மோட்டார்கள் எதிர்த்திசையில் சுற்றும். உருளை வடிவ ப்ளோயர் சக்கரம் எதிர்த்துச் சுற்றினாலும் காற்றை உள்ளே இழுக்காது, வெளியேதான் தள்ளும். ஆனால் மிக மெதுவாக. காற்று வருவதால் யாருக்கும் சந்தேகமே வராது. கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்றவற்றில் ஓடவில்லை என்றால் அது பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரின் கோளாறு. மோட்டாரைத் தொட வேண்டாம்.

பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் உள்ளே வரும் காற்றுக்கு ஃபில்டர் கிடையாது. இத்தனை வருடத் தூசியும் முடியும் காய்ந்த இலையும் நேராகக் காயிலின் முகத்தில் போய் ஒட்டும். காயில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி போர்த்தியது போல இருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே விரிப்பாக உரிந்து வரும். அதைக் கண்டதும் பிரஷர் வாட்டரைப் பாய்ச்சாதீர்கள். தகடுகள் காகிதம் போல மெலிந்தவை, படுத்துவிட்டால் அந்த இடத்தில் காற்று நுழையாது. காயில் கழுவும் நுரையை அடித்து ஊறவிட்டு, மெதுவான தண்ணீரில் அலசினால் போதும். தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

வென்ட்டிலிருந்து கறுப்புத் துகள் பறந்து வந்தால் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உள்ளே காற்றைத் திசைதிருப்பும் மடல்களின் ஓரத்திலும் காயில் பெட்டியின் இணைப்பிலும் ஒட்டிய ஃபோம் உதிர்கிறது என்று பொருள். அந்த இடுக்குகள் வழியே காற்று டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே வீணாகும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோமைப் புதிதாக ஒட்டுங்கள். எஞ்சின் உறிஞ்சும் வேக்யூமால் மடல்கள் நகரும் வண்டியில், மேட்டில் ஏறும்போது மட்டும் காற்று கண்ணாடிப் பக்கம் போனால் வேக்யூம் கசிகிறது.

உள் அலங்காரத்தைப் புதுப்பித்தவர்கள் செய்யும் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தனியாகத் தொங்கும் ஏசி யூனிட்டுகள் கேபினுக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும். சத்தம் அடங்கத் தடித்த ஷீட்டும் புதுக் கார்பெட்டும் போட்டபின் அந்த வாய் மூடிக்கொள்கிறது. இழுக்கக் காற்று இல்லாதபோது எந்த மோட்டார் எதைத் தள்ளும்? 1950களில் டிக்கியில் காயில் வைத்து வந்த பெரிய அமெரிக்கக் கார்களிலும் இதே கதைதான். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிரில்மேல் துண்டோ குஷனோ போடக் கூடாது.

எல்லாம் செய்து முடித்து டேஷ்போர்டை மூடும் முன், ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு குழாய் இணைப்பின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். பேப்பர் படபடக்கும் இடத்தில் இன்னும் கசிகிறது. அங்கே கிளாம்பை இறுக்கிய பிறகு மூடுங்கள்.