மூளைப் புற்றுநோயும் நுண்சத்துகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைப் புற்றுநோய் உறுதியான வீட்டில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் சர்க்கரை டப்பாதான். புற்றணுக்கள் ஆக்சிஜன் கிடைக்கும்போதும் பெருமளவு குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தது உண்மையே. ஆனால் சர்க்கரையை விட்டால் கட்டி பட்டினி கிடக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. மாவுச்சத்தை அறவே நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதற்கான மூலப்பொருளில் ஒரு பகுதி நோயாளியின் தசைப் புரதம் கரைந்துதான் வருகிறது. வேகமாக வளரும் மூளைப் புற்றுநோயான கிளையோபிளாஸ்டோமாவில், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைச் சிறு ஆய்வுகளில் சோதித்திருக்கிறார்கள். அது ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதால், அந்த நாட்களில் இனிப்பைக் குறைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அதே மருந்து பசியைத் தூண்டி, முகத்தையும் வயிற்றையும் பருக்கவைத்து, தொடைத் தசைகளை மெலியச் செய்கிறது. எடைக் கருவி கூடுதலாகக் காட்டுவதைப் பார்த்து உடல் தேறிவிட்டது என்று மகிழ்வது இரண்டாவது தவறு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். எடையைவிட அது அதிகம் சொல்லும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம்.

வைட்டமின், தாது போன்ற நுண்சத்து மாத்திரைகளில் 'கூடினால் நல்லது' என்ற எண்ணம் ஆபத்தானது. கதிர்வீச்சு, புற்றணுக்களைத் தாக்கும் வேலையில் ஒரு பங்கை 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளைக் கொண்டே செய்கிறது. அவற்றை அடக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை (ஆன்டிஆக்ஸிடன்ட்) அதிக அளவில் விழுங்கினால் சிகிச்சையின் கூர்மை மழுங்கக்கூடும் என்பதே மருத்துவர்களின் கவலை. நோயில்லாதவர்களுக்குக்கூட இவை தீங்கற்றவை அல்ல: நாளுக்கு 400 அலகு வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. துத்தநாகத்தை மாதக்கணக்கில் மிகுதியாக எடுத்தால் உடலில் செம்பு குறைந்து, இரத்தசோகையும் நடைத் தள்ளாட்டமும் வரலாம்.

அந்தத் தள்ளாட்டம் கட்டியினால் வந்ததாகவே எல்லோருக்கும் படும் என்பதுதான் இங்கே சிக்கல். வைட்டமின் குறைவாலும் இதே குழப்பம் நேரும். உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. விடாத வாந்தியாலும் உணவின்மையாலும் அது தீர்ந்துபோனால் குழப்பம், கண் அசைவில் கோளாறு, தடுமாறும் நடை ஆகியவை தோன்றலாம். இதற்கு வெர்னிக்கி நோய் என்று பெயர். கட்டி வளர்ந்துவிட்டது என்றெண்ணி இதைக் கைவிடுவதைப் போன்ற கொடிய தவறு வேறில்லை, ஏனெனில் காலத்தில் ஊசிவழி தயமின் கொடுத்தால் இது மீளக்கூடியது. உணவு நின்றுபோன நாட்களின் கணக்கை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம்.

மருந்தோடு மோதும் சத்துகளும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிட்டாயின் எடுப்பவர் தாமாக ஃபோலிக் அமிலம் சேர்த்தால், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு குறைந்து வலிப்பு திரும்பலாம். மூளை லிம்ஃபோமாவுக்கு (நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய்) தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம் சேர்ந்த வைட்டமின் வகையான ஃபோலேட்டின் வேலையைத் தடுத்தே புற்றணுவைக் கொல்கிறது. ஆகவே கடையில் வாங்கிய மல்டிவைட்டமின் புட்டியையும் மருந்துச் சீட்டோடு மருத்துவர் மேசையில் வைத்துவிடுங்கள்.