மே விடுமுறையில் இலங்கை: கோத்தகிரியிலிருந்து குறைந்த செலவில்

மே மாதத்தில் கிளம்புவதென்றால் தெற்குக் கரையிலுள்ள காலி, மிரிச ஊர்ப் பக்கத்தை மறந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். அறை வாடகை குறைந்திருப்பதும் அதனால்தான். அதே சமயம் திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்புப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், பேச்சுக்கும் தமிழே போதும். டிசம்பரில் இது அப்படியே தலைகீழ்.

மே பயணத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் கைகொடுக்கும். வடகிழக்குப் பருவமழையில் அதை நிறுத்திவிடுவார்கள், பிறகு விமானம்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் மன்னார்குடி செம்மொழி எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். அது நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் வண்டி. வெள்ளி இரவு ஸ்டேஷனுக்குப் போகிறவர் சனிக்கிழமை தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். இதில் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் வழியாக பஸ்ஸில் நாகை. அன்றைய கப்பலை எட்ட முடியாது, ஓர் இரவு நாகையிலோ வேளாங்கண்ணியிலோ தங்கத்தான் வேண்டும். கடல் சரியில்லாவிட்டால் கப்பல் ரத்தாகும், ஆகவே திரும்பும்போது ஒரு நாளாவது உபரியாக வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் 6 மாதம் பாக்கி இருக்கட்டும். விசா அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்திலேயே எடுங்கள். அதே சாயலில் இருக்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் கறந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் வங்கியிலோ உரிமம் உள்ள கடையிலோ பணத்தை மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலை, பிறகு மட்டக்களப்பு. எல்லாமே பஸ்தான். சிவப்பு நிற இ.போ.ச. (அரசு) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடும். சில்லறை கையில் இருந்தால் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், வடை எல்லாம் ஒரு தட்டு நிறைய வைப்பார்கள். இலவசம் அல்ல, எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள். மதியம் சோத்துப் பார்சல் வாங்குவதே மலிவு. சிறு வயிறு என்றால் ஒன்றை இருவர் பகிரலாம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, அங்கே மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சொந்தம் உண்டு. அங்கே போக மட்டக்களப்பிலிருந்து செங்கலடி வழியாகப் பதுளைக்கு பஸ் ஏறுங்கள், பிறகு ரயில். மூன்றாம் வகுப்புப் போதும். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும். சொந்தம் இல்லாதவர்கள் மலைக்கு ஏறவே தேவையில்லை. தேயிலையும் குளிரும் பார்க்கவா கடல் தாண்டுவது? நுவரெலியா உயரமும் குன்னூர் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வீட்டு ஸ்வெட்டரே போதும்.

உறவினர் முகவரியில் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தின் மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் மைல் கணக்கில் தள்ளி இருக்கலாம், தவறான இடத்தில் இறங்கினால் ஆட்டோவுக்கே காசு போய்விடும். குன்னூர் ரயில் பாதையைப் போலவே அங்கும் மண் சரிந்து ரயில் நிற்பதுண்டு. பதுளை ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ரயில் இல்லையென்றால் நுவரெலியா வழியாக பஸ்ஸில் ஹட்டன் போகலாம்.