மேடையேறும் மிருதங்கக்காரர்கள் தவிர்க்க வேண்டியவை

மார்கழியில் மதிய நேரக் கச்சேரிகளைத் தவறவிடாமல் கேட்கிறேன். இளைஞர்களின் கையில் நாதமும் வேகமும் எங்கள் தலைமுறையைவிட ஒரு படி மேல். ஆனால் நாங்கள் அன்று இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். சாதகம், சுருதி சேர்ப்பது, நேரத்துக்கு வருவது பற்றியெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குத் தெரியாமல் கோர்வையை எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். யூடியூபில் ஒரு தனியைக் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை) கேட்கிறார்கள், அதை முடித்துவைக்கும் கணக்கான கோர்வையைச் சொல் சொல்லாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள், அடுத்த கச்சேரியிலேயே வைத்துவிடுகிறார்கள். எந்த எடுப்புக்கு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் எந்த இடத்துக்கு, கட்டிய கோர்வை என்று கேட்டால் பதில் இல்லை.

ஆதி தாளம் (எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை), ஒரு களை (ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரே முறை), சதுஸ்ர நடை (அட்சரத்துக்கு நான்கு மாத்திரை) என்று வைத்துக்கொள்வோம். ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல் மூன்று முறை, அதன் ஆறு மாத்திரை வடிவம் மூன்று முறை, ஏழு மாத்திரை வடிவம் மூன்று முறை: 15, 18, 21, ஆக 54. நடுவே வரும் இரண்டு கார்வைகளும் (இடைவெளிகளும்) ஐந்தைந்தாக இருந்தால் 64. சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கி, இரண்டு ஆவர்த்தனம் கழித்துச் சமத்திலேயே விழும்.

பாட்டு அரை அட்சரம் தள்ளி எடுத்தால்? 66 வேண்டும், கார்வையை ஆறாறாக்கினால் போதும். ஒன்றரை அட்சரம் தள்ளி என்றால் 70, கார்வை எட்டெட்டு. மூன்று மாத்திரை தள்ளி என்றால் 67. பதின்மூன்றைச் சரிபாதியாக்க முடியாது, ஆனால் முதல் கார்வையை ஆறாகவும் அடுத்ததை ஏழாகவும் வளரவிட்டால் அதுவே தனி அழகு. இல்லையா, 64-ஐத் தொடாமல் எடுப்பிலேயே தொடங்கி எடுப்பிலேயே முடிக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மாலை உட்காராமல் போய் மேடையில் மானம் போகிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் அரை அட்சர எடுப்புள்ள பாட்டுக்குச் சமத்துக் கோர்வையை வைத்தான். இரண்டு மாத்திரைதான் வித்தியாசம். அவன் முடித்த முடிப்பை நம்பிப் பாடகி சமத்திலேயே எடுத்துவிட்டார். தாளத்தை விடாமல் பிடித்திருந்த வயலின்காரர் சரியான இடத்தில் எடுத்தார். பல்லவி வரி இரண்டாகக் கிழிந்தது. பாடகி மேடையில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சீசனில் வேறு மிருதங்கக்காரரைப் போட்டுக்கொண்டார்.

பழி பையன்கள் மேல் மட்டும் இல்லை. ஆன்லைன் வகுப்பில் கோர்வையை எழுதி அனுப்பி ‘இதை வாசித்துப் பழகு’ என்று சொல்லும் ஆசிரியர்கள்தான் இதை வளர்க்கிறார்கள். நான் இப்போது முழுக் கோர்வை கொடுப்பதில்லை. அந்த 54-ஐக் கொடுத்து, மூன்று எடுப்புகளுக்கு நீயே கட்டிக்கொண்டு வா என்கிறேன். தாளம் போட்டு வாயால் சொல்லிக் காட்டிய பிறகுதான் வாத்தியத்தில் கை வைக்க வேண்டும். சொந்தமாகக் கோர்வை கட்டும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

பாட்டுத் தெரியாமல் பக்கவாத்தியம் வாசிப்பது

பாலக்காடு மணி ஐயருக்கு 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்கக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு அவர் வாசித்த பதிவு கிடைத்தால், தனிக்குத் தாவாமல் கீர்த்தனைகளைக் கேளுங்கள். சாகித்யத்தோடு (பாட்டின் வரிகளோடு) மிருதங்கச் சொல் எப்படி நடக்கிறது, எங்கே ஒதுங்கிக்கொள்கிறது என்று தெரியும். வாரத்துக்கு இரண்டு கீர்த்தனையாவது வாய்விட்டுப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

கஞ்சிராவை மடக்கப் பார்ப்பது

வேண்டாம். கூட வாசிக்கும் கஞ்சிராக்காரர் திருப்பி வாசிக்க முடியாததை வைத்தால் தனி ஆவர்த்தனமே கெட்டுப்போகும்.

தொப்பியில் ரவையை விட்டுவைப்பது

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் (தொப்பியில்) பூசிய ரவையைக் கச்சேரி முடிந்த கையோடு சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சீசனில் வகுப்பை நிறுத்துவது

மேடையும் வகுப்பும் சேர்ந்துதான் நமக்குச் சோறு. டிசம்பரில் நிறுத்துவதாக இருந்தால் அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள்.

சன்மானம் பேசாமல் ஒப்புக்கொள்வது

தேதி கொடுக்கும்போதே பேசுங்கள்.